ஓர்டர் பண்ணாத வடைக்குக் கலோரி இல்லை

இன்று பயிற்சி முடிந்து கவினுடன் வெள்ளவத்தையில் ஒரு சைவக் கடைக்குப் போனேன்.

கவின் எங்கள் கெம்பஸ் உதைபந்தாட்ட அணியின் கோல் காப்பாளர். மூன்று நாளாக அணியின் உணவு ஆலோசகரும்கூட. நியமித்தது அவனேதான்.

நான் நெய்த் தோசை கேட்டதும் முகத்தைச் சுளித்தான்.

"விளையாடுற ஆள் இதையே சாப்பிடுறது? புரோட்டீன் எடு மச்சான்."

தனக்குச் சீனியில்லாத பிளேன் டீ மட்டும் சொன்னான். அதையும் போனில் கலோரி ஆப்பில் பதிந்தான். வழக்கம்போலக் கேட்காமலே மேசைக்கு ஒரு தட்டு வடை வந்தது. சாப்பிட்டதற்கு மட்டும் காசு கொடுத்தால் போதும்.

புரோட்டீன் விரிவுரை நீண்டது. அவன் கையும் தட்டுக்குப் போய்ப் போய் வந்தது.

பில் எழுத வந்த அண்ணை தட்டைப் பார்த்தார். "ஆறு வச்சனான், ஒண்டுதான் கிடக்கு. ஆர் தம்பி சாப்பிட்டது?"

"நான் வடை ஓர்டர் பண்ணேல்லையே அண்ணை!" என்றான் கவின், வாயில் ஐந்தாவதுடன்.

ஆப்பில் இன்றைய கணக்கு ஒரு பிளேன் டீ. 'மிகக் குறைவாகச் சாப்பிட்டிருக்கிறீர்கள், உடம்பைக் கவனியுங்கள்' என்று அது கவலைப்பட்டிருந்தது.

அதை எனக்குப் பெருமையாகக் காட்டிவிட்டு, உடம்பைக் கவனிக்க ஆறாவதையும் எடுத்தான்.

உண்மையைச் சொல்லுங்கள், உங்கள் ஆப்பில் பதியாத வடை எத்தனை?