செம்பட்டை முடியும் நான் வைத்த பட்டப்பெயரும்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை காலை. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறி, பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் ஒரு சலூனுக்குப் போய்க்கொண்டிருந்தேன். தலையில் துப்பட்டாவைச் சுற்றியிருந்தேன். ஏசி குளிருக்காக என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். உண்மையில், என் முடியை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுதான் காரணம்.

எனக்கு அப்போது ஐம்பது வயது முடிந்திருந்தது. கிள்ளானில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. அதற்கு ஆறு மாதம் முன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் முடிக்கு பிரவுன் கலர் போட்டிருந்தேன். முதல் மாதம் அழகாகத்தான் இருந்தது. அப்புறம், முழங்கால் வலிக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதால் தினமும் நீச்சல் குளத்துத் தண்ணீரில் நடக்க ஆரம்பித்தேன். குளோரினும் கிள்ளான் வெயிலும் சேர்ந்து அந்தப் பிரவுனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டன. மிஞ்சியது ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த ஒரு செம்பட்டை. “அக்கா, வெயில்ல நின்னா உங்க முடி பத்திக்கிட்டு எரியுற மாதிரி இருக்கு லா” என்று அலுவலகத்தில் ஒரு சின்னப் பெண் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்றபோது சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண்தான் மறுநாள், “பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு அக்கா இருக்காங்க, கெட்டுப்போன கலரக்கூட சரி பண்ணிடுவாங்க” என்று முகவரி கொடுத்தாள்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் எங்கள் இடைநிலைப் பள்ளித் தோழிகளின் ஒன்றுகூடல். பள்ளியை விட்டு முப்பது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் மாதக்கணக்காக ஒரே ஆரவாரம். யார் பாட்டியாகிவிட்டாள், யார் ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறாள் என்று செய்திகள் வந்து விழுந்தபடி இருந்தன. நான் வகுப்புத் தலைவியாக இருந்தவள். இந்தத் தலையோடு எப்படிப் போய் நிற்பது?

சலூன் ஒரு பூக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. படி ஏறும்போதே கீழேயிருந்து மல்லிகை வாசனை கூடவே வந்தது. சின்னக் கடை, மூன்று நாற்காலிகள். முதலாளி அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். கொஞ்சம் பருமன், கண்ணாடி, காதுவரை வெட்டிய நரைத்த முடி. சிரித்தபடி கதவைத் திறந்த என்னைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார். பிறகு, “வாங்க அக்கா, உக்காருங்க” என்றார்.

துப்பட்டாவை எடுத்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு கொத்து முடியில் தண்ணீர் தெளித்து இரண்டு விரலால் மெல்ல இழுத்துப் பார்த்தார். அது ரப்பர் மாதிரி நீண்டது.

“இது மேல திரும்ப டை அடிச்சுடுங்க. நல்லாக் கருப்பா வேணும்” என்றேன்.

“வேணாம் அக்கா. முடி ரொம்பக் காஞ்சு போச்சு. இன்னொரு டை தாங்காது, ஒடிஞ்சு கையில வந்துடும். குளோஸ் போடலாம்.”

“குளோஸா? கடைய மூடப் போறீங்களா?”

அவர் சிரித்துவிட்டார். குளோஸ் என்பது முடியின் மேல் ஒரு மெல்லிய சாயப் பூச்சு மாதிரி என்று விளக்கினார். அதில் அமோனியா கிடையாது. முடியை வெளுக்காது. மங்கிப்போன நிறத்துக்கு மேல் இன்னொரு சாயல் ஏறும், பளபளப்பும் வரும். ஆரஞ்சை அடக்குவதற்கு அதில் கொஞ்சம் நீலச் சாயல் கலக்க வேண்டுமாம். நான்கிலிருந்து ஆறு வாரத்தில் தானாகப் போய்விடும் என்றார். பிறகு, எனக்கு எந்த மருந்தாவது, டையாவது தோலில் ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். இரண்டாவது முறையும் கேட்டார். “அரிப்பு, வீக்கம், கொப்புளம்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.” ஒருமுறைகூட வந்ததில்லை என்றேன்.

முடியை அலசி, துண்டால் ஒற்றி, ஈரம் இருக்கும்போதே பகுதி பகுதியாகப் பிரித்துப் பிரஷ்ஷால் தடவ ஆரம்பித்தார். கை அவ்வளவு மெதுவாக இருந்தது. எனக்கு மனம் லேசாகிவிட்டது. சலூன் நாற்காலியில் உட்கார்ந்தால் வாய் தானாகத் திறக்கும் ஆள் நான். ஒன்றுகூடலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். நீலப் பினஃபோர், வெள்ளை ரிப்பன், ரிசெஸ் நேரத்தில் கேன்டீனில் தாளில் மடித்துத் தரும் மீ கோரேங் நூடுல்ஸ், மழை வந்தால் கூரைத் தகரத்தின் சத்தத்தில் டீச்சர் பேசுவதே கேட்காமல் போவது... ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எனக்கே பதினைந்து வயது ஆனமாதிரி இருந்தது. அவர் “ம்ம்” கொட்டிக்கொண்டே தடவினார்.

அப்போதுதான் அதைச் சொன்னேன்.

“எங்க கிளாஸ்ல ஒரு பொண்ணு இருந்தா அக்கா. மேரு பக்கம் எஸ்டேட்ல இருந்து பஸ்ல வருவா. இப்ப என் முடி இருக்குல்ல, அச்சு அசல் இந்தக் கலர். ஆனா அவளுக்கு அது பொறந்த முடி. ஒருநாள் ஸ்கூல் கேட்டுக்கு வெளியில ஜாகோங், அதான் சோளம், விக்கிறவர்கிட்ட அந்தச் சோளத்து நாரை வாங்கிட்டு வந்து, அவ தலைக்குப் பக்கத்துல வச்சு, ‘பாருங்கடி, இவ தலையிலதான் ஜாகோங் விளையுது’ன்னேன். கிளாஸே விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. அன்னையிலேருந்து அவ பேரே ஜாகோங்தான். இப்பக்கூட குரூப்புல ‘ஜாகோங் எங்கே?’ன்னு ஒருத்தி கேட்டா. அம்பது பேரு சிரிக்கிற படம் போட்டாளுங்க!”

சொல்லிவிட்டு நானும் சிரித்தேன். பிரஷ் நின்றிருந்தது.

“அந்தப் பொண்ணு பேரு என்ன?” என்று கேட்டார்.

யோசித்தேன். “ஜாகோங்... நெஜப் பேரு ஞாபகம் வரலியே அக்கா. யாருக்குமே தெரியல லா. அதனாலதான் குரூப்புல சேக்க முடியல.”

கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்: “அது நான்தான்.”

பிரஷ் மறுபடி நகர ஆரம்பித்தது.

எழுந்து ஓட எனக்கு வழியில்லை. கழுத்தில் துணி, தலை முழுக்கச் சாயம், அந்தத் தலை அவர் கையில். கண்ணாடியில் அவர் முகத்தைத் தேடினேன். அவருடைய மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால், அந்தக் கன்னத்தில், முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு பெண் மெல்ல மெல்லத் தெரிய ஆரம்பித்தாள்.

கடைசிக் கொத்துவரை தடவி முடித்து, இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்தார். போய்விடுவார் என்று நினைத்தேன். சக்கரம் வைத்த முக்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கதவத் தொறந்து வரும்போதே தெரிஞ்சுபோச்சு. உன் சிரிப்பு மாறவே இல்ல.”

‘நீங்க’ போய் ‘நீ’ வந்திருந்தது. அது கோபமா, உரிமையா என்று எனக்குப் புரியவில்லை. “எனக்கு... நான்...” என்று ஏதோ உளறினேன். என்ன சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது.

அவள் சொன்னதுதான் ஞாபகம் இருக்கிறது. அந்த வருடம் புதிதாக ஒரு டீச்சர் வந்தார். நாங்கள் ஜாகோங் ஜாகோங் என்று கத்துவதைக் கேட்டு அவள் தலையைப் பார்த்தார். முடிக்குக் கலர் அடித்துக்கொண்டு பள்ளிக்கு வருகிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். பிறந்ததிலிருந்தே இப்படித்தான் என்று அவள் சொன்னதை நம்பவில்லை. திங்கட்கிழமைக்குள் கருப்பாக்கிக்கொண்டு வா என்றார். அவள் அப்பா பயந்துபோய், சீன மருந்துக்கடையில் கருப்புச் சாயப் பொடி வாங்கிவந்து, அவரே குழைத்துத் தலையில் தடவினார். அன்று மாலையே தலை வீங்கிக் கண் மூடிக்கொண்டது. கொப்புளம் உடைந்து நீர் வடிந்தது. இரண்டு வாரம் பெரிய ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தார்கள்.

அந்த இரண்டு வாரத்தில்தான் வகுப்புப் படம் எடுத்தார்கள். படத்தில் அவள் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். வரிசையை நிற்கவைத்ததே நான்தான். எஸ்டேட் பிள்ளைகள் அடிக்கடி மட்டம் போடுவார்கள் என்று டீச்சரிடம் சொன்னதும் நான்தான். இதை அவளிடம் அப்போது சொல்லத் தைரியம் வரவில்லை.

“அதனாலதான் சலூன் வேலைக்கு வந்தியா?” என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு அசட்டுத்தனமான கேள்வி என்று உறைத்தது.

“ஐயோ, இல்ல லா!” என்று சிரித்தாள். “நான் வேல பாத்த ஃபேக்டரிய மூடிட்டாங்க. மூணு மாசக் கோர்ஸ் ஒண்ணு கெடச்சுது, சேந்தேன். எல்லாத்துக்கும் நீதான் காரணம்னு நெனச்சுக்காத.”

கீழே பூக்கடையில் யாரோ பேரம் பேசும் சத்தம் கேட்டது.

“கோவம் இருந்துச்சு. ரொம்ப வருசம் இருந்துச்சு” என்றாள். “ஆனா ஒண்ணு சொல்லட்டா? மழையில பஸ் வராதப்போ உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவே. உங்கம்மா சூடா மைலோ கலக்கிக் குடுத்து, என் தலையத் தொவட்டி விடுவாங்க. ‘என்னா அழகான முடி’ன்னு சொல்லுவாங்க. உனக்கு ஞாபகம் இருக்கா?”

எனக்கு ஞாபகம் இல்லை. அம்மா இறந்து பத்து வருடமாகிறது. அவர் கையால் மைலோ குடித்த ஒரு மழை மாலையை, நான் கேலி செய்த பெண் எனக்காக இத்தனை காலம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். அதற்கு மேல் என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. சாயம் வழிந்துவிடும் என்று அவள் டிஷ்யூவால் என் நெற்றியையும் கன்னத்தையும் ஒற்றிக்கொண்டே இருந்தாள்.

“உன் பேரச் சொல்லு” என்றேன்.

சொன்னாள். கேட்டவுடன், வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரைத் தினமும் வாசித்த என் குரலே காதில் கேட்டது. அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி, “என்னை மன்னிச்சுடு” என்றேன். அவள் சரி என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அலாரம் அடித்தது. “வா, தலையக் கழுவணும்” என்றாள்.

தொட்டியில் தலையைச் சாய்த்ததும் குளிர்ந்த தண்ணீர் விட்டு நிதானமாக அலசினாள். கழுத்து வலிக்கிறதா என்று கேட்டு, அடியில் ஒரு துண்டை மடித்து வைத்தாள். முடியைக் காயவைத்து முடித்தபோது என் தலை எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஆரஞ்சு போன இடம் தெரியாமல், ஆழ்ந்த பிரவுனில் மின்னியது. குளத்தில் இறங்குவதற்கு முன் முடியை நல்ல தண்ணீரில் நனைத்துத் தொப்பி போட்டுக்கொள்ளச் சொன்னாள்.

ஒன்றுகூடலுக்குக் கூப்பிட்டேன். “வரல லா. அந்தக் கூட்டத்துல நிக்க எனக்கு இன்னும் மனசு வரல” என்றாள். நான் வற்புறுத்தவில்லை. அதற்கு எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் எல்லோரும் என் முடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். எந்த சலூன் என்று கேட்டார்கள். சாப்பாட்டு மேசையில் ஒருத்தி, “ஜாகோங் மட்டும் கெடைக்கவே இல்லயே” என்றாள். சிரிப்பு கிளம்பியது. நான் எழுந்து நின்றேன். அவளுடைய பெயரைச் சொன்னேன். பட்டப்பெயர் வைத்தது நான் என்றும், அதனால் அவளுக்கு என்ன நேர்ந்தது என்றும், வகுப்புப் படத்தில் அவள் ஏன் இல்லை என்றும் சொன்னேன். ஒருத்தி, “விருந்துல எதுக்கு இதெல்லாம்?” என்று முணுமுணுத்தாள். இன்னொருத்தி சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு வந்து, அவளுடைய எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஆறு வாரம் கழித்து சாயம் மங்கத் தொடங்கியதும் மறுபடி பிரிக்பீல்ட்ஸ் போனேன். வகுப்புப் படத்தைப் பற்றி டீச்சரிடம் நான் சொன்னதையும் அன்று அவளிடம் சொல்லிவிட்டேன். “நீ அப்பவே வாயாடிதான்” என்று சொல்லி என் தலையில் லேசாக ஒரு குட்டு வைத்தாள். இன்றுவரை ஆறு வாரத்துக்கு ஒருமுறை போகிறேன். பள்ளிக் கதைகளைப் பேசுகிறோம், நான் மறந்ததை அவள் சொல்கிறாள், அவள் பார்க்காததை நான் சொல்கிறேன். மன்னித்துவிட்டேன் என்று அவள் இன்னும் வாய்திறந்து சொல்லவில்லை, நானும் கேட்பதில்லை. நான்கு பேரைச் சிரிக்கவைக்க நான் ஒரு நிமிடத்தில் வீசிய சொல்லை ஒரு பெண் முப்பது வருடம் சுமந்தாள் என்பதை நினைக்கும்போதெல்லாம், யாரைப் பற்றியாவது வேடிக்கையாகச் சொல்ல நாக்கு துடித்தாலும் வாயை மூடிக்கொண்டு, முதலில் அவர்களுடைய பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.