உலக சமாதானமும் பெரியப்பாவின் ஆடும்

அம்மா அள்ளி வைத்த நல்லெண்ணெய் காதோரமாக வழிந்து சட்டைக் கழுத்தை நனைத்துக்கொண்டிருக்க, பதினைந்து வயதில் நான் பள்ளிக்கூட மேடையில் ஏறி, உலகத்தில் இனிப் போரே வராமலிருக்க வழி சொன்னேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. உலகம் முழுவதும் ஒரே மொழி வந்தால் நாடுகளின் உறவு சீராகுமா என்பது விவாதம். நான் சீராகும் என்ற கட்சியின் தலைவன். அந்தப் பதவி என் அறிவுக்குக் கிடைத்ததல்ல, தொண்டைக்குக் கிடைத்தது.

"அடுத்த வீட்டுக்காரன் பேசுவது விளங்கினால், அவனை அடிக்க எவனுக்காவது கை வருமா? அவனைப் பகைக்க மனம் வருமா?" என்று மேசையில் குத்தினேன். சபை விழுந்து விழுந்து சிரித்தது. என் பேச்சின் அழகுக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நம்பி, அதையே இன்னொரு தடவை சொன்னேன். பரிசாக ஓர் எனாமல் கோப்பை கிடைத்தது. பின்வரிசை வாங்கில் இருந்த அப்பா மட்டும் சிரிக்கவுமில்லை, கை தட்டவுமில்லை.

சபை சிரித்ததற்குக் காரணம் எங்கள் வளவிலேயே இருந்தது. எங்கள் தீவில், புளியங்கூடலில், எங்கள் வீடும் பெரியப்பா வீடும் ஒரே வேலியின் இரு பக்கங்கள். கிணறு இரண்டு வீட்டுக்கும் பொதுவான "பங்குக் கிணறு". அப்பாவும் அவருடைய சொந்த அண்ணனும் ஒரே தமிழைப் பேசினார்கள், ஆனால் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. பேசியே தீரவேண்டிய விஷயமென்றால், பெரியப்பா வளர்த்த சிவப்பி என்ற ஆட்டிடம் சொல்வார்கள்.

"சிவப்பி, கிணத்துத் துலாக்கயிறு இத்துப்போச்சு. வேலிக்கு அங்காலை இருக்கிறவைக்குக் கண் தெரியேல்லையோ எண்டு கேள்" என்பார் பெரியப்பா.

"சிவப்பி, கயிறு நாளைக்கு வரும். அந்தரப்பட வேண்டாமெண்டு சொல்லு" என்பார் அப்பா.

சிவப்பி பூவரசங் குழையைச் சப்பிக்கொண்டு இரண்டு பக்கத்தையும் கேட்டுக்கொண்டு நிற்கும். நாடுகளுக்கிடையே தூது போகும் பெரிய உத்தியோகத்தர்கள் எவருக்கும் அந்தப் பொறுமை இருந்திருக்காது. நாங்களும் அதோடு வளர்ந்ததால் அதில் ஒரு புதினமும் தெரியவில்லை. எல்லா ஊரிலும் அண்ணன் தம்பி ஆட்டின் வழியாகத்தான் கதைப்பார்கள் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன்.

நான் கோப்பையோடு வந்த அன்று பின்னேரம், பெரியப்பா கிணற்றடியில் நின்று வழமையைவிட உரத்துச் சொன்னார்.

"கேட்டியோ சிவப்பி? பாசை விளங்கினால் ஒருத்தரும் அடிக்கமாட்டினமாம். என்ரை கையை ஒருக்கா அந்தத் துரைக்குக் காட்டிவிடு."

பெரியப்பாவின் வலக்கை முழங்கைவரை சுருங்கிக் கறுத்திருக்கும். அது எங்கே சுட்டதென்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. அப்பா தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனார். அன்றைக்குத்தான் அம்மா என்னைக் குசினி அடுப்படிக்குக் கூப்பிட்டுச் சொன்னா.

எங்கள் தீவு ஆட்கள் பலரைப் போல அண்ணனும் தம்பியும் தென்பகுதியில் ஒரு சிங்கள ஊரில் கூட்டாகக் கடை வைத்திருந்தார்கள். ஐம்பத்தெட்டில் தமிழருக்கு எதிரான கலவரம் தொடங்கியபோது, பக்கத்தில் தேநீர்க்கடை வைத்திருந்த பியதாச என்பவர் விடியவே ஓடிவந்து, பூட்டிவிட்டுப் போய்விடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். பெரியப்பா கடையைப் பூட்டத் திறப்பைக் கையில் எடுத்துவிட்டார். அப்பாதான் மறித்தார்.

"அவங்கடை பாசை எங்களுக்குத் தண்ணி மாதிரி, அண்ணை. எங்களை ஒண்டும் செய்யமாட்டாங்கள்."

வந்தவர்கள் சிங்களத்தில் கேட்டார்கள். அப்பாவும் நல்ல சிங்களத்தில் பதில் சொன்னார். அதன்பிறகு கொளுத்தினார்கள். உள்ளே அகப்பட்ட தம்பியை இழுத்தெடுக்கப் போனதில்தான் அண்ணனின் கை எரிந்தது. அகதிக் கப்பலேறி ஊர் வந்து சேர்ந்த நாளிலிருந்து பெரியப்பா அப்பாவோடு கதைக்கவில்லை.

ஆக, நான் மேடையில் முழங்கியது அப்பா கடை வாசலில் சொன்ன அதே கதைதான். அவருக்கு அதனால் கடை போனது. எனக்குக் கோப்பை கிடைத்தது.

"பெரியப்பா நேரை ஒரு சொல்லுச் சொன்னால் போதும், ஏச்செண்டாலும் பறவாயில்லை எண்டு கொப்பர் பாத்துக்கொண்டிருக்கிறார்" என்று அம்மா சொன்னா. அதன்பிறகு நான் கவனித்தேன். கிணற்றடியில் பெரியப்பா ஆட்டைக் கூப்பிடும்போதெல்லாம் அப்பா ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார். பிறகு குனிந்துகொள்வார்.

ஆண்டுகள் போயின. சிவப்பி போய், அதன் குட்டி போய், குட்டியின் குட்டி தூது பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் பெரியப்பா பாரிசவாதத்தில் விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தபோது அவருக்கு நினைவும் பிசகியிருந்தது, தமிழும் போயிருந்தது. வாயிலிருந்து வந்ததெல்லாம் அந்தப் பழைய கடைச் சிங்களம். சுற்றி நின்ற எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. உலகத்துக்கே ஒரு மொழி கேட்ட எனக்கு, எண்ணக்கூட அதில் தெரியாது.

ஒரு பின்னேரம் அப்பா கிணற்றடியில் குளித்துக்கொண்டு நின்றார். பெரியம்மா வேலியடிக்கு வந்தா. ஆடு பக்கத்திலேயே நின்றது. அவ அதைப் பார்க்கவில்லை.

"தம்பி, ஒருக்கா வாருமப்பா. அந்தாள் என்னவோ கேட்டுக் கேட்டு அழுகுது. எங்களுக்கு விளங்கேல்லை."

அப்பா வாசல் படலையைச் சுற்றிப் போகவில்லை. உடம்பில் சவுக்காரத்தோடு, ஈரச் சாரத்தோடு, வேலியை ஓரிடத்தில் பிரித்துக்கொண்டு நுழைந்து ஓடினார்.

கட்டிலடியில் கதிரையைப் போட்டு அப்பா குனிந்து கேட்டார். பெரியப்பா சிங்களத்தில் நெடுநேரம் ஏதோ சொன்னார். அப்பா மெல்லச் சிங்களத்திலேயே மறுமொழி சொன்னார். பெரியப்பா அழுகையை நிற்பாட்டினார். அதன்பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அப்பா போனார். ஒருநாள் பெரியப்பா சிரிக்கக்கூடச் செய்தார். "கடைசியிலை எண்டாலும் சகோதரங்கள் கதைச்சுப்போட்டுதுகள்" என்று பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தா. ஊரே அதைத்தான் சொன்னது. கண்மூடும்வரை அவர் அப்பாவின் கையை விடவில்லை.

இன்று அந்த வேலியில்லை, அதில் நட்ட கதியால்கள் தழைத்துக் காடாகிவிட்டன. துலா விழுந்து, கிணற்றுக்குள் பாசி நிரம்பியிருக்கிறது. அப்பாவோடு எங்கள் குடும்பத்தில் சிங்களமும் போயிற்று. ஆட்டின் பரம்பரையும் இல்லை. கரை உதிர்ந்த எனாமல் கோப்பை மட்டும் என்னிடம் இருக்கிறது. பெரியப்பாவின் எட்டுச்செலவுச் சடங்கு முடிந்த அன்று அதில்தான் அப்பாவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, பக்கத்தில் போய் இருந்து, பெரியப்பா என்ன கேட்டு அழுதார் என்று விசாரித்தேன்.

"என்னைப் பியதாச எண்டு நினைச்சவர். 'பியதாச, நான் சொன்னால் என்ரை தம்பி கேக்கமாட்டான், நீ போய்க் கடையைப் பூட்டச் சொல்லு' எண்டு கேட்டவர்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"'சொல்லிப்போட்டன் முதலாளி, பூட்டிப்போட்டான்' எண்டன்."

அந்த இடத்திலாவது நான் வாயை மூடியிருக்கலாம். மேடை ஏறிய வாய் சும்மா இருக்குமா? "எண்டாலும் அப்பா, ஒரு பாசைதானே கடைசியிலை உங்கள் ரெண்டு பேரையும் கதைக்க வைச்சது" என்றேன்.

அப்பா கோப்பையை நிலத்தில் வைத்தார்.

"பாசையும் மண்ணாங்கட்டியும். நான் ஆரெண்டு தெரிஞ்சிருந்தால் அந்தாள் வாய் திறந்திருக்காதடா."