ஆட்டுக்குட்டிப் படமும் அமாவாசைப் பிடிவாதமும்

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, இரண்டாம் வகுப்பு டீச்சர் ஒருவரோடு சண்டை போடுவதற்காகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

போனேன் என்றுதான் சொல்ல முடியும். போட்டேனா என்பதைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

என் மகள் சுகுணாவை இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்தவள். அவள் தும்மினால் எனக்கு ஜுரம் வந்துவிடும் என்று ஒருமுறை எழுதியபோது, 'முதலில் நீங்கள் டாக்டரைப் பாருங்கள்' என்று ஒரு வாசகி கார்டு போட்டிருந்தார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. குழந்தையைப் பற்றிக் கவலைப்படுவதில் எனக்குப் போட்டியாக ஆரணியில் இன்னொருத்தி இருக்க முடியாது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை மாலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டியூட்டி முடித்து வீட்டுக்கு வந்தால், சுகுணா முகம் வீங்கி உட்கார்ந்திருக்கிறாள். காபிகூடக் குடிக்காமல் விசாரித்தேன். பாட்டு வகுப்பில் தன்னை மட்டும் டீச்சர் சுவரைப் பார்த்து உட்கார வைத்தார்களாம். எதற்கு? தெரியாது. என்ன தப்பு செய்தாய்? ஒன்றும் செய்யவில்லை.

ஏழு வயதுக் குழந்தையை, நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில், சுவரைப் பார்த்து... எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அந்தப் பாட்டு வகுப்பின் மேல் எனக்கு ஏற்கெனவே கோபம் உண்டு. இந்த வருஷம் பத்மாவதி என்று ஒரு டீச்சர் புதிதாக வந்திருக்கிறார். தேசூர்ப் பக்கம் ஒரு நயினார் வீட்டுப் பெண், அதாவது தமிழ்ச் சமணர். ஆரணியில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார். பாட்டுச் சொல்லித்தர அவரிடம் ஆர்மோனியம் கிடையாது, சுருதிப்பெட்டி கிடையாது. இருப்பது ஆறேழு படப் புத்தகங்கள்! புத்தகக் கண்காட்சியில் கிடைக்குமே, பெரிய பெரிய படம், பக்கத்துக்கு ஒரு வரி... அந்த மாதிரி.

அதில் ஒன்று ஆட்டுக்குட்டி மலை ஏறுகிற புத்தகம். எட்டுப் பக்கம். பக்கத்துக்கு ஒரு பாறை. குட்டி முதல் பாறையில் நிற்கும்போது பிள்ளைகள் கீழ்க்குரலில் 'மே' என்று பாட வேண்டும். பக்கத்தைத் திருப்பினால் குட்டி அடுத்த பாறைக்குத் தாவும், குரலும் ஒரு படி ஏறும். எட்டாவது பாறையில் குட்டி உச்சியில், பிள்ளைகளும் உச்சஸ்தாயியில். அப்புறம் புத்தகத்தைப் பின்பக்கமாகப் புரட்டினால் குட்டி இறங்கி வரும். சரிகமபதநி என்ற பெயரே தெரியாமல் நாற்பது பிள்ளைகளும் ஆரோகணம், அவரோகணம் முடித்துவிடுவார்கள். இன்னொரு புத்தகத்தில் மழை. தூறல் படத்துக்கு ஒரு விரலால் உள்ளங்கையில் தட்ட வேண்டும், அடைமழைக்கு ஐந்து விரல். வெயில் படம் வந்தால் சத்தமே கூடாது.

"பாட்டுக்குக் காது போதாதா? கண்ணு எதுக்கு?" என்று நான் வீட்டில் நையாண்டி செய்திருக்கிறேன். அதுவும் யார்? நாளெல்லாம் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு 'நம்பர் ப்ளீஸ்' சொல்கிறவள். சேத்துப்பட்டு நெல் மண்டிக்காரர் பேச ஆரம்பிப்பதற்குமுன் இருமுகிற இருமலை வைத்தே யாரென்று சொல்லிவிடுவேன். காது விஷயத்தில் எனக்கு அத்தனை கர்வம்.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, கடைசி மணி அடிக்கும்போது வகுப்பு வாசலில் போய் நின்றேன்.

பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். சுகுணா மட்டும் கரும்பலகையில் சாக்பீஸால் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி. நான் வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்த முதல் வாக்கியத்தை ஆரம்பித்தேன். டீச்சர் என்னைப் பேச விட்டார். பாதியில் எனக்கே மூச்சு வாங்கியது. அப்போதுதான் அவர் சொன்னார்.

"உக்காருங்க. நானே உங்கள வரச் சொல்லி ஆள் அனுப்பணும்னு இருந்தேன். நான் பொழுதோட சாப்பிடறவ. இன்னிக்கி இருட்டிப்போனாலும் பரவால்ல."

நயினார் வீடுகளில் சூரியன் சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டார்கள். ஒருவர் தன் ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுவிட்டு உட்காரச் சொல்கிறார் என்றால்... உட்கார்ந்தேன்.

அவர் மெதுவாகச் சொன்னார். தமிழ் வகுப்பில், கணக்கு வகுப்பில் சுகுணாவைப் பற்றி ஒரு குறையும் கிடையாதாம். டாண் டாண் என்று பதில் வருமாம். படப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் மட்டும் அவள் வேறு பிள்ளை. எல்லோரும் சிரித்து முடிக்கிற நேரத்தில், பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துவிட்டுத் தான் சிரிக்கிறாள். ஆட்டுக்குட்டி எந்தப் பாறைக்குப் போனாலும் அவளுடைய 'மே' மட்டும் முதல் பாறையிலேயே நிற்கிறது.

"ஏன்னு நாலு நாளா யோசிச்சிகினு இருந்தேன். அப்புறந்தான் புரிஞ்சிது. எல்லாப் பிள்ளைக்கும் படம் தெரியணும்னு புத்தகத்த ஒசத்திப் பிடிக்கிறேன் இல்லீங்களா... அது என் வாய மறைச்சிடுது."

எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள மனம் இடம் தரவில்லை என்பதுதான் சரி.

அதைச் சோதித்துப் பார்க்கத்தான் சுவர்ப்பக்கம் திரும்பி உட்காரச் சொன்னாராம். குழந்தை அதைத் தண்டனை என்று நினைத்துக்கொள்ளும் என்று தனக்குத் தோன்றாமல் போய்விட்டதே என்று கண் கலங்கினார். பிறகு, "நீங்களே கூப்பிட்டுப் பாருங்க" என்றார். "கத்தாதீங்க. வீட்ல கூப்புடற மாதிரி."

பத்தடி தூரம்தான். "சுகுணா" என்றேன்.

சாக்பீஸ் நகர்ந்துகொண்டே இருந்தது.

"சுகுணா..."

ஒரு பூ வரைந்திருந்தாள். அதற்கு இலை போட ஆரம்பித்தாள்.

கை தூசியைத் தட்டிக்கொண்டு தற்செயலாகத் திரும்பியவள், நான் வந்திருப்பதையே அப்போதுதான் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "எப்பம்மா வந்த?"

டீச்சர் அவளை வெளியே விளையாட அனுப்பிவிட்டு என்னிடம் கேட்டார். வீட்டில் இவள் கூப்பிட்டு வராமல் இருந்ததே இல்லையா?

"இல்லியே டீச்சர். அதெல்லாம் அமாவாசைக்கு மட்டுந்தான்" என்றேன்.

"அமாவாசைக்கு இன்னாங்க?"

"அன்னிக்கித் தறி ஓடாது. லீவு..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் வாய் நின்றுவிட்டது.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தெருவில் வீட்டுக்கு இரண்டு தறி, மூன்று தறி. என் வீட்டுக்காரர் போட்டிருப்பது மூன்று. விடிந்தால் தெரு முழுக்க டடக் டடக் என்று ஆரம்பித்துவிடும். அந்தச் சத்தத்தில் இங்கே யாரும் யாரையும் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிடுவதில்லை. எதிரே போய் நிற்போம். தோளைத் தொடுவோம். அல்லது கையை ஆட்டி, அவர்கள் நிமிர்ந்து முகத்தைப் பார்த்த பிறகு வாயை நன்றாகத் திறந்து பேசுவோம். தறி நின்ற பிறகு ராத்திரியிலும் அந்தப் பழக்கம் விடாது. எதிர்வீட்டு அம்மாவும் நானும் தெருவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று, உதட்டசைவிலேயே ஒரு கல்யாணச் சம்பந்தத்தை அலசி முடித்திருக்கிறோம். சாயங்காலம் வரைக்கும் எங்கள் தெருவில் எல்லோருமே செவிடர்கள்தான். அதில் ஒரு குழந்தைக்கு உண்மையிலேயே காது கேட்கவில்லை என்றால் எப்படித் தெரியும்?

அமாவாசையன்று தெரியும். அன்றைக்கு மட்டும் தறிகள் சும்மா இருக்கும். அன்றைக்கு மட்டும் நாங்களும் ஊரில் மற்றவர்களைப் போலச் சமையலறையிலிருந்து, மாடியிலிருந்து, புழக்கடையிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். அன்றைக்கு மட்டும் சுகுணா வர மாட்டாள்.

நாங்கள் என்ன முடிவுக்கு வந்தோம் தெரியுமா? அமாவாசை வந்தால் இந்தப் பெண்ணுக்குப் பிடிவாதம் ஏறுகிறது! என் நாத்தனார்தான் முதலில் சொன்னார். படவேட்டுக்குக் கூட்டிப்போய் ரேணுகாம்பாள் சன்னதியில் விபூதி வாங்கிப் பூசி, கையில் கயிறு கட்டிக் கூட்டிவந்தோம். பி.யூ.சி. படித்த நான், கைக்குக் கயிறு சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தேன். 'ச' சரியாக வராமல் அவள் பேசுவதை மழலை என்று கொஞ்சினோம். யாராவது எதையாவது யோசித்தோமா?

இதைவிடப் பெரிய ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு வாரமாக எழுதத் தைரியம் வராமல் இருந்தது. இந்த ஆடி அமாவாசையன்று, காக்காய்க்குச் சோறு வைக்க வா என்று அவளை நாலு தடவை கூப்பிட்டேன். கூடத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சோழி விளையாடிக்கொண்டிருந்தாள். போய் முதுகில் ஓங்கி ஓர் அடி அடித்தேன்.

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். ஏன் அடித்தாய் என்று கேட்கவில்லை. சோழிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டுவிட்டு என் பின்னால் வந்தாள். அழக்கூட இல்லை. அழுத்தக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் நம்பவே மறுத்தார். "டீச்சருக்கு வேற வேல இல்ல. எம் பொண்ணு நான் கூப்ட்டா ஓடியாறா" என்றார். சாயங்காலம் தறிகள் நின்ற பிறகு, அவள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது, அவராகவே பின்னால் போய் நின்று கூப்பிட்டுப் பார்த்ததைச் சமையலறையிலிருந்து பார்த்தேன். மறுநாள் முழுக்க அவர் தறியில் உட்காரவில்லை.

வேலூரில் காது டாக்டரிடம் காட்டினோம். கொஞ்சம் கேட்கிறது, முழுக்க இல்லாமல் போகவில்லை என்றார். வலது காது இடதைவிடத் தேவலை. மூன்று வயதில் வந்த ஜுரத்துக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருக்கலாம். சட்டைப் பையில் வைத்துக்கொள்கிற பெட்டியும் காதுக்கு ஒயருமாக ஒரு மெஷின் வைக்க வேண்டும், அடுத்த மாதம் வரும். "இவ்ளோ நாளா பள்ளிக்கூடத்துல எப்டிம்மா சமாளிச்சா?" என்று அவரே ஆச்சரியப்பட்டார். அவள் எங்கள் தெருவில் பயிற்சி எடுத்தவள் என்று அவருக்கு எப்படி விளக்குவது?

திரும்பி வரும் பஸ்ஸில் அவளை எதிரே பார்க்கும்படி மடியில் உட்கார வைத்துக்கொண்டு கேட்டேன். காது கேட்கவில்லை என்று ஏனம்மா நீ சொல்லவே இல்லை?

"எல்லாருக்கும் மூஞ்சியப் பாத்தாத்தானம்மா கேக்கும்?" என்றாள்.

எனக்குக் கேட்கும் என்றேன். முகத்தைப் பார்க்காமலே கேட்கும். அப்படியானால் டெலிபோனுக்குள்ளே பேசுகிறவர்களின் முகம் தெரியாதா என்று கேட்டாள். தெரியாது என்றேன். இத்தனை நாளும் அவள் மனதில் என் ஆபீஸ் எப்படி இருந்திருக்கும்! முகம் முகமாக அடுக்கி வைத்த ஒரு பெரிய பலகை முன்னால் அம்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்திருக்கிறாள், பாவம்.

ஊர் வந்ததும் டீச்சரைப் பார்த்து, பாட்டு வகுப்பு நேரத்தில் மட்டும் அவளை வேறெங்காவது உட்கார வைத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். கேட்காத காதுக்குப் பாட்டு எதற்கு? மற்ற பிள்ளைகள் சிரித்தால்?

"அந்த பீரியட்ல உக்காந்ததாலதாங்க தெரிஞ்சிது" என்றார் டீச்சர். "அதுலருந்து எப்படிங்க எழுப்பறது?"

நான் வாயை மூடிக்கொண்டேன். இந்த ஊரில் என் வாயை இரண்டு முறை மூட வைத்தவர் அவர் ஒருவர்தான்.

இந்தச் செவ்வாய்க்கிழமை ஜன்னலோரம் நின்று பார்க்க அனுமதி கிடைத்தது. புத்தகத்தை இப்போது டீச்சர் பிடிப்பதில்லை. இரண்டு பிள்ளைகள் மேஜை மேல் நிறுத்திப் பிடித்துப் பக்கம் திருப்புகிறார்கள். டீச்சர் முதல் பெஞ்சில் சுகுணாவை ஒட்டி, வலது காதுப் பக்கம் உட்கார்ந்து, ஒவ்வொரு பாறைக்கும் நிதானமாக, அழுத்தமாகப் பாடுகிறார். அவள் ஒருமுறை அவர் வாயைப் பார்க்கிறாள், ஒருமுறை குட்டியைப் பார்க்கிறாள். முதல் பாறை 'மே'. இரண்டாவது... கொஞ்சம் ஏறியது. மூன்றாவதிலும் ஏறியது. நாலாவதில் குரல் சரிந்து, பழையபடி கீழே வந்துவிட்டது.

"சுகுணாவோட ஆடு வழுக்கி உயுந்துட்ச்சி டீச்சர்" என்றாள் பக்கத்தில் இருந்த வாயாடி ஒருத்தி. வகுப்பே சிரித்தது.

சுகுணா அவள் பக்கம் திரும்பி, முகத்தைப் பார்த்து, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். கேட்டுக்கொண்டாள்.

"நாளிக்கி ஏறிக்கும்" என்றாள்.

நான் ஜன்னலைவிட்டு நகர்ந்துவிட்டேன். அழுமூஞ்சி அம்மா என்று அவளுக்கு ஒரு பெயர் வேறு வர வேண்டாம்.

நாம் எல்லோரும் குழந்தைகளுக்காகக் கவலைப்படுகிறோம். என்ன சாப்பிட்டாள், எத்தனை மார்க் வாங்கினாள், ஏன் இளைத்துவிட்டாள்... கவலைப்படுவதையே கவனிப்பது என்று நினைத்துக்கொள்கிறோம். கவனித்தவர், நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே ஒரு ஆட்டுக்குட்டியைக் காட்டிக்கொண்டிருந்த ஒரு டீச்சர்.

இன்று மாலை ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் குழந்தைக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்று, ஒரே ஒரு தடவை, மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

திரும்பிப் பார்த்து என்னவென்று கேட்டால், சும்மாதான் கூப்பிட்டேன் என்று சொல்லுங்கள்.