வாசல்மணி இருபது முறை

விதியக்கா என்ற பெயரை அவளுக்கு வைத்தவர் அலுவலகத்து ஓவியர். சீட்டு விளையாட்டுக்கு விதி எழுதுகிறவள் என்பதால் வந்த பெயர், அவ்வளவுதான். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள், இந்தம்மாவுக்கு வாழ்க்கையில் என்ன கஷ்டமோ என்று முதல் வாரம் மட்டும் ரொம்ப மரியாதையாக நடந்துகொள்வார்கள். அப்புறம் தெளிந்துவிடுவார்கள்.

நாற்பது வயதுவரை அவள் மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கும் தாளில் பிழை பார்த்துக்கொண்டிருந்தாள். 'ஒரு நாளைக்கு ஒருமுறை மட்டும்', 'வெறும் வயிற்றில் கூடாது' என்று எறும்பு அளவு எழுத்தில் பதினெட்டு வருடம். அவள் பார்த்த தாளைப் படித்து ஒருவரும் சாகவில்லை. படித்தவர் யாராவது உண்டா என்பது தனி விஷயம். அந்த அச்சகம் மூடியபோது சீட்டுக் கம்பெனி முதலாளி அவளைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டார். சின்ன எழுத்தைப் பார்த்துப் பயப்படாத ஆள் அவருக்குத் தேவைப்பட்டது.

கம்பெனி, குளியலறைச் சாமான் விற்கும் கடைக்கு மேல் இரண்டாவது மாடியில் இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் வெயிலில் வரிசையாக நிற்கும் வாஷ்பேசின்கள் தெரியும். விளையாட்டு ஒன்றும் பெரிய மர்மமில்லை. இரண்டு பேர், ஆளுக்கு நாற்பது சீட்டு, ஆளுக்கு இருபது புள்ளி. மாற்றி மாற்றிச் சீட்டு இறக்க வேண்டும். எதிராளியின் புள்ளியை யார் பூஜ்யமாக்குகிறாரோ அவர் ஜெயித்தார். சீட்டுகளைப் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கிச் சேர்த்து, அவரவர் விருப்பப்படி கட்டு அமைத்துக்கொண்டு, சனிக்கிழமை காலையில் ஒரு மண்டபத்தில் கூடிப் போட்டி போடுவார்கள். ஓர் ஆட்டம் ஒரு மணி நேரம் இழுக்கும். சிலது இரண்டு மணி நேரமும் போகும். பிடித்தவர்களுக்கு அதுதான் பிடிக்கும்.

ஒவ்வொரு சீட்டிலும் படத்துக்குக் கீழே ஒரு கட்டம் உண்டு. கட்டத்தில் நாலு வரி எழுதலாம், ஐந்தாவது வரிக்கு இடமில்லை. விதியக்காவின் முழு உத்தியோகமும் அந்த நாலு வரிக்குள் அடங்கியது.

கோளாறு நடந்த சீட்டின் பெயர் வாசல்மணி. அதை இறக்கினால் எதிராளிக்கு ஒரு புள்ளி குறையும். அத்தோடு, மேசையில் ஏற்கெனவே இறக்கிய வேறொரு சீட்டை எடுத்து உடனே மறுபடி இறக்கலாம். சுற்றுக்கு ஒருமுறை மட்டும். சோதனை ஆட்டங்களில் எந்தத் தொந்தரவும் இல்லை. அச்சுக்குப் போகிற அன்று மத்தியானம்தான் ஐந்தாவது வரி எட்டிப் பார்த்தது. அடியில் சாய்ந்த எழுத்தில் 'யாரோ வந்திருக்கிறார்கள்' என்று ஓவியர் ஆசையாக எழுதியிருந்தார். அதை எடுத்தால் மனிதர் பத்து நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். அவள் யோசித்தாள். சுற்றுக்கு ஒருமுறை என்ற சங்கதி எல்லாச் சீட்டுக்கும் பொதுவாக விதிப் புத்தகத்திலேயே இருக்கிறதே என்று அந்த மூன்று சொல்லையும் வெட்டினாள்.

விதிப் புத்தகத்தில் இருந்தது உண்மைதான். மூன்று மாதத்துக்கு முன்னால், எல்லாச் சீட்டிலும் தனித்தனியாகப் போட்டிருக்கிறதே, புத்தகத்தில் வேறு எதற்கு என்று அங்கிருந்து வெட்டியவளும் அவள்தான்.

ஆக, கையில் இரண்டு வாசல்மணி இருந்தால் போதும். ஒன்று மற்றொன்றை எழுப்பும், அது இதை எழுப்பும். மணி இருபது முறை அடித்தால் ஆட்டம் முடிந்தது. முதலில் இறக்குகிறவர் ஜெயித்துவிட்டு எழுந்திருப்பார். எதிரே உட்கார்ந்தவர் தன் சீட்டுகளை விசிறிபோலப் பிடித்தபடி, பேருந்தைத் தவறவிட்டவர் மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார்.

இதை ஊரில் முதன்முதலாகக் கண்டுபிடித்த புண்ணியவான் அவள் வீட்டுக்காரர்.

அவர் லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் உதிரிபாகக் கிடங்கில் உதவிப் பொறுப்பாளர். பத்தொன்பது வருடமாக உதவி. அவருக்குப் பிறகு வந்த மூன்று பேர் அவர் தலைக்கு மேலே பொறுப்பாளராகிப் போய்விட்டார்கள். மூன்று பேருக்கும் வேலை கற்றுக்கொடுத்தவர் அவர். சீட்டுப் போட்டியிலும் அதே ஜாதகம்தான். ஒன்பது முறை இறுதி ஆட்டம் வரைக்கும் போய் ஒன்பது முறையும் இரண்டாமிடம். மண்டபத்தில் அவருக்கு ரன்னர் அண்ணன் என்றே பெயர். கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். விதியக்காவுக்குத்தான் அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே அவள் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தாள்: குடும்பத்தார் விளையாடலாம், ஆனால் அவர்களிடம் சீட்டைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. பதினோரு வருடமாக அந்த வீட்டில் சீட்டுப் பேச்சு செருப்போடு வாசலில் நின்றது. அவர் ஜெயித்தாரா தோற்றாரா என்பது திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வரும் போட்டி அறிக்கையைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரியும். இல்லாவிட்டால் ஃபிரிஜ் மேல் புதிதாக ஒரு குட்டிக் கோப்பை முளைத்திருக்கும்.

வாசல்மணி வெளிவந்த முதல் சனிக்கிழமை, அவர் ஒரு பெரிய கோப்பையோடு வந்தார். ஃபிரிஜுக்கு மேலே பரண் இடித்தது. சலவை இயந்திரத்தின் மேல் வைத்தார். துணி பிழியும்போதெல்லாம் அது கடகடவென்று ஆடும். விதியக்கா அன்று இரண்டு வாளித் துணி அதிகமாகத் துவைத்தாள்.

அடுத்த சனிக்கிழமையும் ஜெயித்தார், அதற்கடுத்ததும். நான்காவது வாரம் மற்றவர்களும் ஆளுக்கிரண்டு வாசல்மணி வாங்கிவிட்டார்கள். அப்புறம் காசு சுண்டுவதுதான் ஆட்டம். காசும் ஆறு முறை தொடர்ந்து அவர் பக்கமே விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த பெரிய இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார். ஒன்பதரைக்குப் போட்டி தொடங்கினால் பதினொன்றுக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவார். முன்பெல்லாம் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். இப்போது வந்ததும் மின்விசிறி துடைத்தார், ஒழுகுகிற குழாயைச் சரிசெய்தார், ஒழுகாத குழாயையும் கழற்றி மாட்டினார். ஜெயித்த மனிதனுக்கு வீட்டின் மேல் இத்தனை பிரியம் வருமா என்று அவள் பூரித்துப்போனாள்.

அலுவலகத்தில் நிலைமை வேறு. அறிக்கையில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு ஆட்டம் முதலில் இறக்கியவருக்கே போயிருந்தது. மண்டபங்கள் காலியாகிக்கொண்டு வந்தன. முதலாளி அவள் மேசை முன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"விதியக்கா, இதுக்கு ஒரு வழி பண்ணுங்க. காசு சுண்டிட்டு வீட்டுக்குப் போறதுக்கு யாரு நம்ம சீட்ட வாங்குவாங்க?"

அவள் வழி பண்ணினாள். முதலில், இரண்டாவதாக ஆடுகிறவருக்கு ஒரு சீட்டு அதிகம் கொடுத்தாள். தோற்கும்போது கையில் ஒரு சீட்டு கூடுதலாக இருந்தது. அடுத்த வாரம், இரண்டாவது ஆளுக்கு ஐந்து புள்ளி சேர்த்துக் கொடுத்தாள். மணி இருபத்தைந்து முறை அடித்தது. அதற்கடுத்த வாரம் காசுக்குப் பதிலாகத் தாயக்கட்டை உருட்டச் சொன்னாள். தாயக்கட்டையில் ஜெயித்தவர் ஆட்டத்திலும் ஜெயித்தார். மறுபடி காசுக்கே திரும்பினார்கள்.

சரியான வழி அவளுக்கு முதல் நாளே தெரியும். விதிப் புத்தகத்தில் வெட்டிய வரியைத் திரும்பப் போட வேண்டும், தீர்ந்தது. போட்டால், யார் எடுத்தது, எதற்கு எடுத்தது என்று கேள்வி வரும். அதைக்கூடச் சமாளித்துவிடலாம். சலவை இயந்திரத்தின் மேலிருக்கும் கோப்பைதான் அவள் கையைக் கட்டிப்போட்டிருந்தது. ஐம்பத்துமூன்று வயதில் ஒரு மனிதன் முதல்முறையாக முதலாவதாக வந்திருக்கிறான். அதைக் கட்டிய பெண்டாட்டியே போய்ப் பிடுங்குவதா?

புதன்கிழமை அவளால் தாங்க முடியவில்லை. முதலாளியின் அறைக்குப் போய், அங்கே வெட்டியது, இங்கே வெட்டியது, எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அவர் கொஞ்ச நேரம் வாஷ்பேசின்களைப் பார்த்தார்.

"ரெண்டு எடத்துலயும் நீங்கதானா?"

"ஆமா சார்."

"மருந்துக் கம்பெனிலயும் இப்படித்தான் வெட்டுவீங்களா?"

"சார்!"

"சரி சரி. வரியத் திரும்பப் போடுங்க." அவர் குரலைத் தணித்தார். "ஆனா உங்க வீட்டுக்காரரு ஃபைனல்ல இருக்காரே. வேணும்னா திங்கக்கெழமையிலேர்ந்து அமல்னு போட்டுக்கலாம். ஏழு வாரம் பொறுத்தாச்சு, இன்னும் ஒரு ஞாயித்துக்கெழம பொறுத்தா யாரும் கேக்கப்போறதில்ல. நாளைக்குள்ள சொல்லுங்க."

அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. பொய் சொல்வானேன், வீட்டுக்குப் போகும் வழியிலேயே திங்கட்கிழமை என்று முடிவுசெய்துவிட்டாள். வந்ததும் வீட்டுக்காரரின் அலமாரியைக்கூடக் கொஞ்சம் நகர்த்தினாள், இன்னும் பெரிய கோப்பைக்கு இடம் வேண்டுமே என்று.

சாயங்காலம் தேநீர் கொடுக்க அறைக்குள் எட்டிப் பார்த்தபோது அவர் கட்டிலில் உட்கார்ந்து காசு சுண்டிக்கொண்டிருந்தார். சுண்டுவார், விழுந்ததைப் பார்ப்பார், ஒரு தாளில் கோடு போடுவார். மறுபடி சுண்டுவார். அவள் நிற்பதைக் கவனிக்கவில்லை. பக்கத்தில் சீட்டுக்கட்டு ரப்பர் பேண்டுகூடக் கழற்றாமல் கிடந்தது. முன்பெல்லாம் இறுதி ஆட்டத்துக்கு முந்திய வாரம் அந்தக் கட்டு அவர் கையைவிட்டு இறங்காது. சோறு சாப்பிடும்போதும் இடது கையில் இருக்கும். அவள் தேநீரை வைத்துவிட்டு வந்தாள். நகர்த்திய அலமாரியைப் பழைய இடத்துக்கே தள்ளினாள்.

மறுநாள் முதலாளியிடம் போய், "இந்த ஞாயித்துக்கெழமையிலேர்ந்தே சார்," என்றாள்.

"நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிச்சா மாறிடுவேன் சார். இப்பவே போட்டுடுங்க."

வெள்ளிக்கிழமை காலை சாப்பிடும்போது வீட்டுக்காரர் கைபேசியில் கம்பெனியின் அறிவிப்பைப் படித்தார். முகத்தில் ஈயாடவில்லை. மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை படித்தார். விதியக்கா தன் தட்டிலிருந்த இட்லியைப் பிட்டுப் பிட்டுப் பொடியாக்கினாள்.

"தண்ணி," என்றார்.

கொடுத்தாள். குடித்தார். வேலைக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு அவர் பேசிய பேச்சு அவ்வளவுதான். சனிக்கிழமை காலையிலேயே கூடத்தில் இருந்த நாற்காலிகளை ஓரங்கட்டிவிட்டு, வீட்டிலிருந்த சீட்டு அத்தனையையும் தரையில் பரப்பினார். எடுத்தார், வைத்தார், மாற்றினார். அவள் இடுக்கில் கால் வைத்து நடந்து போய்ச் சாப்பாடு வைத்தால், தலையைத் தூக்கவில்லை. பேசக் கூடாது என்று கையெழுத்துப் போட்டவளால் மன்னிப்பும் கேட்க முடியவில்லை. முப்பது வருடத்தில் அவர் இப்படிக் கோபப்பட்டு அவள் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதுக்குக் கிளம்பிப்போனார். சொந்தக்காரர் ஆடுகிற மண்டபத்தில் கம்பெனி ஆட்கள் நுழையக் கூடாது. ஆகவே அவள் வீட்டில் இருந்தாள். அறிக்கையைப் படித்திருந்ததால் எதிராளி யாரென்று தெரியும்: பொறுமைக்குப் பேர்போன ஒரு பல் டாக்டர். பதினொன்று ஆயிற்று. வரவில்லை. பன்னிரண்டுக்கு வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். ஒரு மணிக்குச் சமைத்ததை மூடிவைத்தாள். தோற்றுவிட்டார், வீட்டுக்கு வரப் பிடிக்காமல் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறார் என்று மூன்று மணிக்கு நிச்சயமாகிவிட்டது. சலவை இயந்திரத்தின் மேலிருந்த கோப்பையைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள். அழுகை வந்தது, அழுதாள்.

வாசல்மணி அடித்தபோது மணி ஆறேகால். ஒரே ஒருமுறை அடித்தது.

கதவைத் திறந்தால், சட்டையெல்லாம் கசங்கி, தலை கலைந்து நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு குட்டிக் கோப்பை. செருப்பைக் கழற்றவில்லை, அதற்குள் வாய் திறந்துவிட்டது.

"ஆரம்பிச்சதே பன்னெண்டு மணிக்கு. அஞ்சே முக்கா மணி நேரம்மா! நடுவுல சாப்பிடக்கூட எழுந்திரிக்கல. டாக்டரம்மா பல்லப் புடுங்குற மாதிரி ஒவ்வொண்ணா புடுங்குறாங்க, நான் விடல. கடைசில எனக்கு ஒரு புள்ளி, அவங்களுக்கு ஒரு புள்ளி!"

"தோத்துட்டீங்களா?"

"ஆமா ஆமா, தோத்துட்டேன். அத விடு, இத கேளு. மூணாவது சுத்துல நான் என்ன பண்ணேன்னா..."

"என்னங்க, வீட்டுல சீட்டுப் பேச்சு..."

"அட, உன் கையெழுத்த நாளைக்குப் பாத்துக்கலாம்."

அவள் அவரையே பார்த்தாள். "எம் மேல கோவமில்லையா?"

"எதுக்கு? ரெண்டு நாளா புதுசா கட்டு அமைக்கவே எனக்கு நேரம் பத்தல, கோவப்பட எங்க போறது?" செருப்பை ஒருவழியாகக் கழற்றினார். "ஏழு வாரமா நான் விளையாடவே இல்லம்மா. மணிதான் அடிச்சிட்டிருந்தேன்."

குட்டிக் கோப்பையை ஃபிரிஜ் மேல் பத்தாவதாக வைத்தார். பரண் இடிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"ஒண்ணு கேக்கட்டா? அந்தச் சீட்டுல 'சுற்றுக்கு ஒருமுறை'ன்னு ஏன் போடாம விட்ட?"

"உங்களுக்கு எப்படித் தெரியும், நான்தான்னு?"

"மொத நாளே தெரியும். வேற யாரு அங்க வெட்டுறது?"

"இடம் பத்தலைங்க."

"அடியில யாரோ வந்திருக்காங்கன்னு ஒரு வரி இருக்கே, அத எடுத்திருக்கலாமே?"

"ஓவியர் கோவிச்சுக்குவாரு."

அவர் துண்டில் கையைத் துடைத்தபடி அதை யோசித்துப் பார்த்தார். "ஆமா," என்றார். "அந்த ஆளு கோவிச்சுக்குவாரு."

அவள் தட்டு வைத்துப் பரிமாறினாள். சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகத் தொடங்கியிருந்தது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உப்புச் சிமிழை டாக்டரம்மாவாகவும் தண்ணீர்ச் சொம்பைத் தானாகவும் வைத்துச் சொல்லிக்கொண்டே போனார். பதினோரு வருடமாக வாசலில் நின்றிருந்த பேச்சு அது. விதியக்கா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். சாப்பாடு ஆறிப்போயிற்று. அவர் இன்னும் மூன்றாவது சுற்றிலேயே இருந்தார்.