அப்பாவின் சீட்டி

ஆடலூரில் எங்கள் காப்பித் தோட்டத்து வீட்டுக்குப் பொழுது சாய்ந்தபின் வருகிறவர்கள், வளைவில் நின்று அவரவர் சீட்டியை அடிக்க வேண்டும். வாசலில் காட்டுமாடு நிற்கவில்லையென்றால் வீட்டிலிருப்பவர்கள் பித்தளைத் தட்டில் கரண்டியால் இரண்டு தட்டு தட்டுவார்கள். சத்தம் கேட்காவிட்டால் வருகிறவர் வளைவிலேயே நிற்க வேண்டியதுதான்.

அப்பாவின் சீட்டி நீளமாக இரண்டு, பிறகு குட்டையாக ஒன்று. முன்பல் விழுந்திருந்ததால் கடைசிச் சீட்டியில் பாதி காற்றாகப் போய்விடும். வேலியோரப் பலாவில் குடியிருந்த துடுப்புவால் கரிச்சான் அதை அப்படியே பிடித்துக்கொண்டது, காற்று உட்பட. பூனை, கழுகு, பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடிக்கும் மோட்டார் என்று காதில் விழுந்ததையெல்லாம் திருப்பிச் சொல்லும் திருட்டுக் குருவி அது. பேர் சொல்ல ஒரு பிள்ளையாவது இருக்கிறதே என்று அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே சொல்வார்.

மாரடைப்பில் அப்பா போனார். காரியம் முடிந்த மறுநாள், பொழுது சாயும் நேரத்தில் பலாவிலிருந்து அந்தச் சீட்டி வந்தது. அம்மா எழுந்துபோய்த் தட்டை எடுத்து இரண்டு தட்டு தட்டிவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள்.

அதன்பிறகு தினமும் அதேதான். கொடைக்கானலில் எனக்கொரு சாக்லேட் கடை; மேலே வந்து என்னோடு இரு என்று போகும்போதெல்லாம் மன்றாடுவேன். வரமாட்டாள். ஒருநாள் பொறுமை கெட்டு, குருவிக்கு யாராவது தட்டு தட்டுவார்களா என்று கத்தினேன்.

“ஏத்தா, குருவின்னு எனக்குத் தெரியாதா? சீட்டி கேட்டா பதில் சொல்லணும்ல. அந்த மனுசன எம்புட்டு நேரம் வளைவுல நிக்க வைக்கிறது?”



அடுத்த வருடம் கரிச்சான் குஞ்சு பொரித்தது. பெரியதைக் கேட்டுத்தான் குஞ்சுகள் படிக்கும். பொழுது சாய்ந்தால் சீட்டி, உடனே தட்டுச் சத்தம் என்றுதான் அவை பிறந்ததிலிருந்து கேட்டிருந்தன. ஒரு மாலை நான் அங்கிருந்தபோது சீட்டி வந்தது. அம்மா தட்டை எடுப்பதற்குள் மரத்திலிருந்தே ணங், ணங். பிசகில்லாத பித்தளை. கொஞ்சம் பொறுத்து மறுபடி சீட்டி, மறுபடி ணங், ணங். இரண்டையும் ஒரே பாட்டாகப் படித்துவைத்திருந்தன. கையில் தட்டோடு நின்ற அம்மா, அதைக் கவிழ்த்து வைத்தாள்.

“பதிலையும் அதுகளே சொல்லிருதுக. இனி எனக்கு இங்க என்ன சோலி கெடக்கு? நாளைக்கு வெள்ளனே கெளம்புவோம்.”

இத்தனை நாள் நான் கேட்டது இதைத்தான். ஆனால் அவள் துணி மடித்ததைப் பார்க்கமாட்டாமல் வெளியே போய் உட்கார்ந்துகொண்டேன்.

கொடைக்கானல் குளிருக்கு அந்தக் கரிச்சான் ஏறி வராது. மாலையானால் அம்மா ஜன்னலோரம் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தெருவில் டாக்ஸி ஹாரன்தான் கேட்கும். அடுத்த மழைக்குள் அவளும் போய்விட்டாள்.

போன மாதம் மிளகு பறிக்க ஆள் பேச ஆடலூர் போயிருந்தேன். பேச்சு இழுத்துக்கொண்டே போய், நான் வளைவுக்கு வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பலாவிலிருந்து சீட்டி வந்தது, கடைசியில் பாதி காற்றாக. உடனே ணங், ணங். அப்பா வந்துவிட்டார், அம்மா வரச் சொல்லிவிட்டாள். கீழே வீடு பூட்டிக் கிடந்தது.

நானும் என் சீட்டியை அடித்தேன். தட்டுச் சத்தம் வரவில்லை. வளைவிலேயே நின்று அழுதேன்.