வேண்டாம் என்று முதலிலேயே சொன்னவள்

மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவில் அவள் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறாள். "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை சொல்வதால் அங்கே எல்லோருக்கும் அவள் மூச்சக்கா. டாக்டர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வருகைப் பதிவேட்டில் மட்டும் வேறு பெயர் இருக்கிறது.

அவளுக்கு இருபத்தெட்டு வயதில் ஒரு வரன் வந்தது. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், மாஸ்டர் என்று பெயர் எடுத்தவர். இருவரும் தனியாகப் பேசிக்கொள்ளட்டும் என்று பெரியவர்கள் ஒரு டீக்கடைக்கு அனுப்பிவைத்தார்கள். டீ வருவதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"எனக்குக் குழந்தை பெத்துக்கணும்னு தோணல. இப்ப மட்டும் இல்ல, எப்பவுமே தோணினதில்ல. இதைக் கேட்டுட்டு நீங்க எழுந்து போனாலும் தப்பா நினைக்கமாட்டேன்."

மாஸ்டர் எழுந்து போகவில்லை. "எனக்கும் அதுல பெருசா ஆசை கிடையாது" என்றார். அந்த நேரத்தில் அது உண்மைதான். போகப் போக இவள் மாறிவிடுவாள் என்ற நினைப்பும் ஓர் ஓரத்தில் இருந்தது என்பதை அவரே பல வருடம் கழித்துத்தான் கண்டுபிடித்தார்.

கல்யாணமாகி ஐந்து வருடம் நன்றாகவே போனது. ஞாயிற்றுக்கிழமைகளில், இரண்டு பக்கமும் பிரேக் வைத்த பயிற்சிக் காரை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே போவார்கள். அவள் ஓட்டுவாள். அவர் கால் பிரேக்கை விட்டு நகராது. "நீங்க பிரேக்கை மிதிச்சா நான் எப்படிக் கத்துக்கறது?" என்று சண்டை பிடிப்பாள். மாமியார் மட்டும் வாராவாரம் போனில் "நல்ல சேதி ஏதாவது உண்டா?" என்பார். "உண்டும்மா, உன் மருமக ரிவர்ஸ் எடுக்கக் கத்துக்கிட்டா" என்று மாஸ்டர் பேச்சை மாற்றிவிடுவார்.

ஒரு கல்யாண வீட்டில், நண்பரின் ஒன்றரை வயதுப் பையன் மாஸ்டரின் தோளில் தூங்கிப்போனான். சாப்பிடக் கூப்பிட்டார்கள், அவர் போகவில்லை. தோள் மரத்துப்போயும் அசையவில்லை. இரண்டு நாள் கழித்து, துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் வந்து நின்றார்.

"எனக்கு வேணும்போல இருக்கு" என்றார்.

எது என்று அவள் கேட்கவில்லை.

ஏழு மாதம் பேசினார்கள். அவள் பிடிவாதம் பிடிக்கவில்லை. தனக்குள்ளே தேடிப் பார்த்தாள். பிரசவ வார்டுக்குப் போய் நின்றுகூடப் பார்த்தாள். குழந்தைகள் அழகாகத்தான் இருந்தன. அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை.

"உங்களுக்காகப் பெத்துடலாம். பத்து மாசம்தானே. ஆனா வளர்க்கறது நான் எனக்காக வளர்க்கணும். அந்த ஆசை என்கிட்ட இல்லீங்க."

"பிடிக்காமப் பெத்துக்க வேண்டாம். விடு" என்றார் மாஸ்டர்.

சொன்னபடி அவர் விட்டுவிட்டார், பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் வேலை முடிந்து வந்ததும் காரை நிறுத்திவிட்டு, அதற்குள்ளேயே கால் மணி நேரம் உட்கார்ந்திருக்க ஆரம்பித்தார். இரண்டாவது மாடி ஜன்னலில் இருந்து அவளுக்கு அது தெரியும். ஒரு குளிர்காலம் முழுக்கப் பார்த்தாள். பிரிந்துவிடலாம் என்று வாயைத் திறந்தவள் அவள்தான்.

"நீங்க விட்டுக்கொடுத்ததை நான் தினமும் ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டிருக்க முடியாது."

அவர் அழுதார். அவள் மறுநாள் வேலைக்குப் போய் முப்பத்தாறு படம் எடுத்தாள். மாமியார் ஒருநாள் நேரில் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "நீ கெட்டவளா இருந்திருந்தா திட்டிட்டுப் போயிருப்பேன். நல்லவளா இருந்து தொலைச்சிட்டே. அதான் ஆத்திரமா வருது" என்றார்.

மாஸ்டர் ஒரு வருடத்துக்குள் மறுமணம் செய்துகொண்டார். பெண் குழந்தை பிறந்ததாக யாரோ சொன்னார்கள். மூச்சக்கா அதே வீட்டில் தனியாக இருந்தாள். முப்பத்தெட்டு வயதில் நீச்சல் கற்றுக்கொண்டாள். விடுமுறையில் தெரியாத ஊர்களுக்கு ரயில் ஏறினாள். ஒருமுறை காய்ச்சலில் மூன்று நாள் கிடந்தபோது, தண்ணீர் கொடுக்க ஆளில்லையே என்ற நினைப்பு வரத்தான் செய்தது. காய்ச்சலோடு அதுவும் இறங்கிவிட்டது.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டோக்கன் எண்ணைக் கூப்பிட்டபோது மாஸ்டர் உள்ளே வந்தார். இடுப்பில் நான்கு வயது மகள். சோபாவிலிருந்து குதித்ததில் மணிக்கட்டு வீங்கியிருந்தது. மாஸ்டருக்குத் தொப்பை போட்டிருந்தது. சட்டைப் பொத்தானைத் துளை மாற்றிப் போட்டிருந்தார்.

"நீங்க... இங்கதான் இன்னும் இருக்கீங்களா?" என்றார்.

"நான் எங்க போறது? பாப்பாவை உட்கார வைங்க."

கதிர் படாமலிருக்க அவருக்கு ஈய அங்கியை மாட்டிவிட்டு, குழந்தையின் முழங்கையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டினாள். நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். குழந்தை அழுததில் முதல் படம் கலங்கிவிட்டது. "பொம்மை மாதிரி அசையாம இருந்தா, உன் கைக்குள்ள என்ன இருக்குன்னு உனக்கே காட்டுவேன்" என்றாள். அடுத்த இரண்டும் சரியாக விழுந்தன.

திரையில் படம் வந்ததும் மாஸ்டருக்கு முகம் வெளுத்தது.

"ஐயோ, இங்க எலும்பையே காணோமே!"

"பயப்படாதீங்க. பெரியவங்களுக்கு அந்த இடத்துல எட்டு சின்ன எலும்பு இருக்கும். இந்த வயசுல மூணு நாலுதான் படத்துல தெரியும். மிச்சம் ஒண்ணொண்ணா வரும். அடிபட்டதைப் பத்தி டாக்டர் சொல்வார்."

குழந்தை திரையை உற்றுப் பார்த்து, "அது நானா?" என்று கேட்டது.

"நீதான்."

வெளியே போகும் முன் மாஸ்டர் நின்றார். "நீ நல்லா இருக்கியா?" மரியாதை தானாக நழுவி, பழைய நீ வந்துவிட்டது.

"நல்லாத்தான் இருக்கேன். நீங்க?"

அவர் யோசித்தார். "சந்தோஷமான்னு கேட்டா... உட்கார்ந்து யோசிச்சுப் பார்க்க நேரமில்ல. உன்கூட இருந்த அஞ்சு வருஷம் எனக்கு லேசா இருந்துச்சு. இது லேசு இல்ல. ஆனா இவ இல்லாம என்னால முடியாது."

"சரி. பொத்தானைச் சரி பண்ணுங்க" என்றாள் அவள்.

அந்த வாரம் முழுக்க அந்தச் சின்னக் கை அவள் நினைவில் வந்துபோனது. எதையாவது இழந்துவிட்டோமோ என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். கொஞ்சம் வலித்தது. ஆனால் திரும்பிப்போய் அந்த டீக்கடையில் உட்காரச் சொன்னாலும் அதையேதான் சொல்வோம் என்றும் தெரிந்தது. இரண்டும் சேர்ந்தே இருந்தன. அவள் இரண்டையும் அப்படியே இருக்க விட்டாள்.

அடுத்த மாதம் மாமியார் போன் செய்தார், ஆறு வருடத்துக்குப் பிறகு. "கட்டுப் பிரிச்சாச்சு. கை சேர்ந்துடுச்சு. உனக்குச் சொல்லணும்னு தோணிச்சு" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, புது மருமகள் குழந்தைக்குத் தலை துவட்டுவதே சரியில்லை என்று ஆரம்பித்தார்.

"அவங்க வேலைக்கும் போறாங்க அத்தை. அவங்களும் மனுஷிதானே" என்றாள் மூச்சக்கா.

"ஆமா, நீ அவ பக்கமே பேசு" என்று மாமியார் போனை வைத்துவிட்டார். அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டார். இப்போதெல்லாம் சனிக்கிழமை தவறுவதில்லை.