செல்வி வீட்டு ஏலம்

கோர்ட்டு ஏலம் இனிமேல் கம்ப்யூட்டரில்தான் என்று எனக்கு முதலில் சொன்னவர் பொன்னேரி கோர்ட்டு அமீனா கதிர்வேலு அண்ணன், போன ஆடி மாதம். பழவேற்காட்டில் நெட் சென்டர் வைத்திருப்பவளிடம்தான் ஊர்க் கவலையெல்லாம் வந்து நிற்கும். கடை வைத்திருப்பவர்களுக்குச் சொல்லவா வேண்டும்?

கேமரா

ஏலத்துக்கு வந்தது எங்கள் குப்பத்துச் செல்வியின் வீடு. படகுக் கடனுக்கு அடகு வைத்த புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். நேரில் நடக்கும் ஏலத்தில் வீட்டுக்காரியின் சொந்தக்காரர் கேட்டால் ஊரில் வேறு யாரும் கேட்க மாட்டோம், கை கட்டி நிற்போம். அதைப் பார்த்தே வெளியூர்க்காரர்களும் திரும்பிவிடுவார்கள். இந்த முறை செல்வியின் தம்பி முருகன் கேட்பதாக இருந்தது. அவன் பேர் பதிய வந்த அன்றே ஊர் முழுக்க என் கடைக்கு முன்னால் கை கட்டி நின்றது. "ஏலம் கேக்குறவங்க எங்கெங்கயோ இருப்பாங்க, உங்களைப் பாக்க முடியாது" என்றேன்.

ஊர்த் தலைவர் விடவில்லை. "அந்த கேமராவ இப்படித் திருப்பும்மா. நாங்க நிக்கிறத நல்லா பாக்கட்டும்."

வீடு பார்க்க வந்தவர்

ஏலத்துக்கு முன்னால் வீட்டைப் பார்க்க அனுமதி உண்டு. மீஞ்சூரிலிருந்து ஒருவர் என் கடை நம்பருக்குப் போன் செய்து, வழி கேட்டு வந்தார். ஏலம் கேட்க முன்பணமும் கட்டியிருந்தார். கூடப் போனேன். செல்வி அவருக்கு இறால் தொக்கும் சோறும் போட்டாள். பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினாள். "இந்த ஜன்னல மூடிடாதீங்கண்ணா, ஏரிக் காத்து வரும். மழைக்கு இந்த மூலை ஒழுகாது."

அவளைத் தனியே இழுத்து, "ஏண்டி, இதெல்லாம் இன்னாத்துக்குச் சொல்றே? ஒழுகும்னு சொல்லேன்" என்றேன்.

"பொய் சொல்லிக் காப்பாத்துன வீட்டுல எப்படிக்கா விளக்கேத்துவேன்?"

ஏல நாள்

மாதாவை வேண்டிக்கொண்டு கம்ப்யூட்டரைப் போட்டேன். முருகன் ஒரு விலை கேட்டான். அதற்குமேல் அவனிடம் இல்லை. செல்வி திரையைப் பார்க்காமல் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நேரம் முடிகிறவரை யாரும் ஏற்றவில்லை. வீடு முருகனுக்கு என்று வந்ததும் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சாயந்திரம் மீஞ்சூர்க்காரருக்குப் போன் செய்து, ஏன் கேட்கவில்லை என்றேன்.

"சோறு போட்ட கைக்கு எதிரா எப்படிம்மா விலை ஏத்துறது?"

நீங்களும் ஏலத்தில் வீடு கேட்பதாக இருந்தால், படத்தை மட்டும் பார்த்து விலை ஏற்றாமல் ஒரு நடை நேரில் வந்து, முக்கியமாகப் பசியோடு வந்து, பார்த்துவிட்டுப் போங்கள்.